பூட்டுக்குள் பாடம் இருக்கட்டும்: பி.எட். வகுப்புக்கு ஒரு டிஜிட்டல் எஸ்கேப் ரூம்

பி.எட். வகுப்பில் “மாணவர்களை ஈர்க்கும் கற்பித்தல்” என்ற பகுதி வரும்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒருவர் முன்னால் நின்று பேசுகிறார், ஐம்பது பேர் எழுதிக்கொள்கிறார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன். தேர்வில் எல்லோரும் நன்றாகவே எழுதினார்கள். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போனபோது புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரி வரியாக வாசித்து நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஈடுபட்டுக் கற்பது எப்படி இருக்கும் என்பதை நான் அவர்களுக்குக் காட்டவே இல்லை.

அதைக் காட்ட எனக்குக் கைகொடுத்தது டிஜிட்டல் எஸ்கேப் ரூம். இதுவரை ஒன்றைக்கூடத் தயாரித்துப் பார்க்காத பி.எட்., டி.எல்.எட். பயிற்சியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு கூகுள் கணக்கு, குரல் பதிவு செய்ய ஒரு போன், இரண்டு மாலை நேரம் இருந்தால் போதும். காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம்.

எஸ்கேப் ரூம் என்றால் ஒரு கதை, அந்தக் கதைக்குள் சில பூட்டுகள், ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு புதிர். புதிரின் விடைதான் சாவி. ஒரு குழு குறித்த நேரத்துக்குள் எல்லாப் பூட்டையும் திறந்து வெளியே வர வேண்டும். 2007இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தகாவோ கட்டோ என்பவர் ஸ்கிராப் நிறுவனத்தின் வழியாக இதை ஒரு நிஜ அறைக்குள் நடத்தினார். அதற்கு முன்பே கணினித் திரையில் ‘பூட்டிய அறையிலிருந்து தப்பி வா’ வகை விளையாட்டுகள் இருந்தன. ஆகவே டிஜிட்டல் வடிவம் என்பது நிஜ அறைக்கு மாற்றாக யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல, இந்த விளையாட்டின் வேரே அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் இதை விளக்க இன்னும் எளிய வழி உண்டு. 2007-08 வாக்கில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. ஓர் அட்டையை முடித்தால்தான் கற்றல் ஏணியில் அடுத்த அட்டைக்குப் போகலாம். இன்று பி.எட். படிக்கிறவர்களில் பலர் அந்த அட்டைகளோடு தரையில் உட்கார்ந்து படித்தவர்கள். “ஏணியில் அடுத்த படிக்கு எப்படிப் போனீர்கள்?” என்று கேட்டு ஆரம்பித்தால், விளக்கத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

புதிருக்கு முன்னால் ஒரு வரி

புதிதாகத் தயாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் புதிரைத்தான் யோசிக்கிறார்கள். ரகசிய எழுத்து, துண்டுப் படம், கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் எண் என்று சுவாரசியமானவை வரிசையாக மனதில் வந்து நிற்கும். அவற்றை ஒதுக்கி வையுங்கள். இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழகக் குழு ஒன்று 2017இல் ‘எஸ்கேப்எட்’ என்ற பெயரில், கல்விக்கான எஸ்கேப் ரூம் தயாரிக்க ஒரு வரிசையை வெளியிட்டது: பங்கேற்பவர்கள், நோக்கம், கதைக்களம், புதிர், பொருள்கள், மதிப்பீடு. புதிர் நான்காவதாகத்தான் வருகிறது, கவனியுங்கள்.

ஆக, முதலில் ஒரு காகிதத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். என்னுடைய வரி இது: “வகுப்பு ஏன் அமைதியாகிவிட்டது என்பதை ஒரு மாணவ ஆசிரியர் தானே கண்டுபிடிக்க வேண்டும்.” கதையும் பூட்டுகளும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பூட்டையும் இந்தக் கேள்வியால் சோதியுங்கள்: பாடம் தெரியாத ஒருவர் இதைத் திறந்துவிட முடியுமா? முடியும் என்றால் அந்தப் பூட்டைத் தூக்கிப் போடுங்கள். செடியின் படத்தை ஒன்பது துண்டாக்கிச் சேர்க்கச் சொன்னால் பத்து நிமிடம் எல்லோரும் மும்முரமாகத்தான் இருப்பார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் தாவரவியல் ஒரு சொட்டும் இருக்காது. மும்முரமாக இருப்பதையும் கற்பதையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் புதிய ஆசிரியர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம். அதை நம் எஸ்கேப் ரூமே சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது.

நான்கு பூட்டுகள்

என் கதை சின்னது. எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு. மதிய உணவுக்குப் பிறகு அறிவியல் பாடவேளை. யாரும் வாய் திறப்பதில்லை. நாளை அந்த வகுப்புக்கு நீங்கள் போகப்போகிறீர்கள். பழைய ஆசிரியர் விட்டுப்போன பொருள்களை வைத்து, அந்த வகுப்பு ஏன் இப்படி ஆனது என்று 30 நிமிடத்துக்குள் கண்டுபிடியுங்கள். அவ்வளவுதான் கதை. பேய் பங்களாவும் புதையலும் தேவையில்லை. கதை நீண்டால் அதை வாசிக்கவே ஐந்து நிமிடம் போய்விடும்.

முதல் பூட்டு, இரண்டு நிமிட ஒலிப்பதிவு. ஓர் ஆசிரியர் எட்டுக் கேள்வி கேட்கிறார். ஐந்துக்கு ஒரு விநாடி கழித்து அவரே பதில் சொல்லிவிடுகிறார். ஒன்றுக்கு முதல் பெஞ்சு மாணவன் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறான். இரண்டு கேள்விக்கு மட்டும் காத்திருக்கிறார், பதில் வருகிறது. மொத்தக் கேள்விகள், ஆசிரியர் காத்திருந்தவை, அவரே பதில் சொன்னவை என்ற மூன்று எண்களையும் வரிசையாக எழுதினால் 825, அதுதான் சாவி. இதைச் சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து நானே போனில் பதிவு செய்தேன். காத்திருக்கும் இடைவெளி தெளிவாக ஐந்து விநாடி இருக்கட்டும். இரண்டா மூன்றா என்று சந்தேகம் வரும்படி வைத்தால் குழு அதிலேயே சண்டை போட்டு நின்றுவிடும்.

இந்தப் பூட்டுக்குப் பின்னால் இருப்பது மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் வேலை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அவர் காட்டினார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். இதை நான் முன்பு கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியிருக்கிறேன். இப்போது அந்த ஐந்து விநாடி மௌனத்தைக் காதால் கேட்கிறார்கள். அது எவ்வளவு நீளமாக இருக்கிறது என்று முகத்திலேயே தெரிகிறது.

இரண்டாவது பூட்டு, ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்கான எட்டு கேள்விகள். புத்தகத்தின் ஒரு வரியைப் பார்த்து அப்படியே பதில் எழுதிவிடக்கூடியவை எவை, முடியாதவை எவை? முடியாதவற்றின் வரிசை எண்கள்தான் சாவி. “ஒளிச்சேர்க்கையில் வெளியாகும் வாயு எது?” என்பது முதல் வகை. “இரவில் மரத்தடியில் படுக்காதே என்று பாட்டி சொல்வது சரியா, ஏன்?” என்பது இரண்டாவது வகை. கல்வியாளர் புளூம் வகுத்த சிந்தனையின் ஆறு நிலைகளாகவும் பிரிக்கச் சொல்லிப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஒரே கேள்வியை ஒருவர் ‘பயன்படுத்துதல்’ என்பார், இன்னொருவர் ‘பகுத்தாய்தல்’ என்பார், இருவரிடமும் நியாயம் இருக்கும். பூட்டுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும். விவாதத்துக்கு உரியதை விவாதத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பூட்டு. வகுப்பறையின் இருக்கை வரைபடம்: ஏழு நெடுவரிசை, ஆறு கிடைவரிசை, 42 கட்டம். மேலே கரும்பலகை. ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளையிடம் எத்தனை கேள்வி கேட்கப்பட்டது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கோடும் இல்லாத கட்டங்களை நிறம் தீட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கச் சுவரோரமும் கடைசி வரிசையும் சேர்ந்து ‘ப’ என்ற எழுத்து எழும். எழுத்து தெரிந்தால் போதாது, அந்தப் ‘ப’வுக்குள் எத்தனை பிள்ளைகள் என்று எண்ண வேண்டும். 17 பேர். அதுதான் சாவி. (2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை பற்றித் தமிழ்நாட்டில் பெரிய பேச்சு எழுந்தது நினைவிருக்கலாம். இருக்கையை மாற்றுவதா, கேள்வி போய்ச்சேரும் இடத்தை மாற்றுவதா என்ற நல்ல விவாதத்துக்கு இந்தப் படம் வழிவிடும்.)

ஒரு முறை எல்லாக் குழுவும் எண்ணை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு பெண் மட்டும் தான் தீட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். இடது சுவரோரம் நான்காவது கட்டத்தில் விரலை வைத்தார். “இங்கதான் மேடம் நான் உக்காந்திருந்தேன். எட்டாவதுல.” அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காவது பூட்டின் எண் எந்தப் புதிருக்குள்ளும் கிடையாது. குழு எழுந்து பயிற்சியாளரிடம் வந்து, மறுநாள் 8-பியில் தங்கள் பாடத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எப்படித் தொடங்குவோம் என்று செய்து காட்ட வேண்டும். மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: புத்தக வரியில் பதில் இல்லாத ஒரு கேள்வி, அதன்பின் உண்மையான ஒரு காத்திருப்பு, ‘ப’வுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையாவது உள்ளே வரும் வழி. மூன்றும் இருந்தால் கடைசி எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் எது இல்லை என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். சிந்தித்துச் செய்ய வேண்டிய வேலையை ஒரு கணினிப் படிவத்தால் சோதிக்க முடியாது, அங்கே மனிதர்தான் பூட்டாக இருக்க வேண்டும்.

கூகுள் ஃபார்ம்ஸில் பூட்டுவது

புதிய படிவம் திறந்து முதல் பகுதியில் கதையை எழுதுங்கள். பிறகு ‘ஆட் செக்‌ஷன்’ கொடுத்து ஒரு பூட்டுக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் ‘ஷார்ட் ஆன்சர்’ கேள்வி ஒன்று வையுங்கள். கேள்வியின் கீழ் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் ‘ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்’ வரும். அதில் ‘நம்பர்’, ‘ஈக்வல் டு’ என்று தேர்ந்தெடுத்து 825 என்று கொடுங்கள். பக்கத்தில் பிழைச் செய்தி எழுத ஓர் இடம் இருக்கும். கடைசியாக ‘ரெக்வயர்டு’ பொத்தானை மறக்காமல் போடுங்கள். போடாவிட்டால் விடையைக் காலியாக விட்டே அடுத்த அறைக்குப் போய்விடலாம்.

அந்தப் பிழைச் செய்தியை வீணாக்காதீர்கள். “தவறு, மீண்டும் முயற்சி செய்க” என்று மட்டும் எழுதி அந்த இடத்தை நிரப்ப வேண்டாம். முதல் பூட்டுக்கு நான் எழுதியது: “ஆசிரியர் பேசுவதை மட்டும் கேட்டீர்களா, பேசாமல் இருப்பதையும் கேட்டீர்களா?”

விடைகளை எண்ணாகவே வையுங்கள். தமிழ்ச் சொல்லைச் சாவியாக வைத்தால் சிக்கல்தான். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிய முடியும்: ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், படிவம் வேறு என்று சொல்லிவிடலாம். சிலர் ‘ஔ’ எழுத்தை ஒகரமும் ளகரமுமாக அடிப்பார்கள். போனில் பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்துகொள்ளும். சரியான விடை தெரிந்தும் கதவு திறக்காவிட்டால் குழுவின் உற்சாகம் அங்கேயே வடிந்துவிடும். சொல்தான் வேண்டும் என்றால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வைத்து, சரியான தேர்வை மட்டும் அடுத்த பகுதிக்கு இணையுங்கள்.

கூகுள் ஃபார்ம்ஸில் ஒலிக் கோப்பை நேரடியாகச் சேர்க்க முடியாது. டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். இணைப்பு இருக்கும் எவரும் திறக்கலாம் என்று அனுமதி மாற்றியிருக்கிறீர்களா என்று வேறொரு போனில் பாருங்கள். முதல் முறை நான் இதைப் பார்க்கத் தவறினேன். வகுப்பில் முதல் ஏழு நிமிடம் ஐம்பது பேரிடமிருந்தும் அனுமதிக் கோரிக்கைதான் வந்துகொண்டிருந்தது. காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு அந்த ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை, இடைவெளி விநாடிகளோடு, அருகிலேயே வையுங்கள். நிறத்தை வைத்து மட்டும் திறக்கும் பூட்டு வேண்டாம், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள்.

கணினி நன்றாகத் தெரிந்த மாணவர் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து விடை எண்ணைப் பார்த்துவிட முடியும். இதற்காகக் கவலைப்பட வேண்டாம், இதற்கு மதிப்பெண் கொடுக்கப்போவதில்லையே. கொடுக்கவும் கூடாது. நேரத்துக்குள் வெளியே வந்தவர்களுக்கு மதிப்பெண் என்று அறிவித்தால், மெதுவாக யோசிக்கிறவரைக் குழுவே ஓரங்கட்டிவிடும்.

முன்னோட்டமும் வகுப்பு நாளும்

விடை தெரிந்த உங்களுக்கு ஒரு நிமிடத்தில் திறக்கும் பூட்டு மற்றவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அதனால் விவரம் எதுவும் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த வரியை இரண்டு தரம் வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் புதிர் கடினமாக இருக்காது, அதன் வாக்கியம்தான் குழப்பமாக இருக்கும்.

குழுவுக்கு மூன்று பேர் போதும். நான்காவது ஆள் வந்தால் ஒருவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஒரு குழுவுக்கு ஒரே போன், பூட்டுக்குப் பூட்டு அது கை மாற வேண்டும். ஐம்பது பேர் என்றால் பதினாறு பதினேழு குழு. நான்காவது பூட்டுக்கு எல்லோரும் உங்களிடமே வந்தால் வரிசை நீண்டுவிடும். முதலில் முடித்த இரண்டு குழுவிடம் அந்த மூன்று அளவுகோலையும் எழுதிய அட்டையைக் கொடுத்து, அவர்களையும் சாவி கொடுப்பவர்களாக மாற்றிவிடுங்கள். அடுத்தவரின் கற்பித்தலைக் கவனித்துக் கருத்துச் சொல்லும் பயிற்சி அவர்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

நெட்வொர்க் சரியில்லாத கல்லூரி என்றால் ஒலிப்பதிவை முன்தினமே எல்லோருடைய போனிலும் ஏற்றிவிடுங்கள், வரைபடத்தை அச்சிட்டுக் கொடுங்கள். எண்ணைச் சரிபார்க்க மட்டும் இணையம் இருந்தால் போதும்.

துப்பு கொடுப்பதைத் தயக்கமின்றிச் செய்யுங்கள், ஆனால் திட்டமிட்டுச் செய்யுங்கள். ஒரு பூட்டுக்கு மூன்று துப்பு: முதலாவது எங்கே பார்ப்பது, இரண்டாவது எதை எண்ணுவது, மூன்றாவது ஏறக்குறைய விடை. ஐந்து நிமிடம் முட்டி நின்ற குழுவுக்கு முதல் துப்பு. எப்போது, யாருக்கு, எந்தத் துப்பைக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தத் தாள் அடுத்த கட்டத்துக்கு வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும்

இனிமேல்தான் வகுப்பு. முதன்முறை நடத்தியபோது இதை நான் உணரவில்லை. கடைசிக் குழுவும் வெளியே வந்ததும் கைதட்டி அனுப்பிவிட்டேன். மறுவாரம் வந்த பாடக் குறிப்புகளில் எந்த மாற்றமும் இல்லை. அவர்களுக்கு ஒரு நல்ல மதியம் கிடைத்திருந்தது, அவ்வளவே. அன்றிலிருந்து 30 நிமிட விளையாட்டுக்குக் குறையாமல் 30 நிமிட அலசல் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு பாடவேளை சேர்ந்து கிடைக்காத நாளில் நான் இதை நடத்துவதே இல்லை.

“எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “சூப்பர் மேடம்” என்று முடிந்துவிடும். குறிப்பான நிமிடத்தைக் கேளுங்கள். எந்தப் பூட்டில் போனைக் கையில் வைத்திருந்தீர்கள், போன் கையில் இல்லாதபோது என்ன செய்தீர்கள்? உங்கள் குழுவில் ஒருவர் சொன்ன சரியான யோசனை யார் காதிலும் விழாமல் போனதா? எந்த இடத்தில் மனம் விட்டுப்போனது, எது திரும்ப இழுத்தது? இந்தப் பதில்கள் வரும்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். ‘போன் கையில் இல்லாதபோது சும்மா இருந்தேன்’ என்று நான்கு பேராவது சொல்வார்கள். விளையாட்டுக்குள்ளேயே ஒரு ‘ப’ உருவாகியிருக்கிறது என்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள்.

அப்புறம் அந்தத் துப்புத் தாளை எடுங்கள். “இந்தக் குழுவுக்கு ஆறாவது நிமிடத்தில் துப்பு கொடுத்தேன், பக்கத்துக் குழு கேட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்?” கற்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் துணையான ‘சாரக்கட்டு’ பற்றி உட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1976இல் எழுதியதை இந்த இடத்தில் சொன்னால் அது மனதில் நிற்கிறது. பெரியவர் கை கொடுப்பதும் கையை எடுத்துக்கொள்வதும் எப்போது என்பதைச் சற்று முன்புதான் தங்கள் மேலேயே அனுபவித்திருக்கிறார்கள். கோட்பாட்டை முதலில் சொல்லிப் பிறகு விளையாட வைத்தால் இது கிடைக்காது.

அடுத்த வாரம், தயாரிப்பது அவர்கள்

ஒரே ஒரு பூட்டு மட்டும் செய்து வரச் சொல்லுங்கள். முழு அறை வேண்டாம். தன் பாடத்திலிருந்து ஒரு பூட்டு, மூன்று துப்பு, ஒரு பிழைச் செய்தி. தமிழ்ப் பாட மாணவ ஆசிரியர் ஒருவர் செய்துவந்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது. மாங்காய், நண்பன், பாட்டன் என்று மூன்று சொற்கள், மாத்திரைகளைக் கூட்ட வேண்டும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாங்காய்க்கு ஐந்து, நண்பனுக்கு மூன்று, பாட்டனுக்கு நான்கு, ஆக 534. மூன்றுமே நான்கு எழுத்துச் சொற்கள். மாத்திரை புரியாமல் எழுத்தை எண்ணும் பிள்ளை நேராக 444 என்று அடிக்கும். அவர் எழுதியிருந்த பிழைச் செய்தி: “எழுத்தை எண்ணினாயா, ஓசையை எண்ணினாயா?” பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த பூட்டு அது. பாடக் குறிப்பு எழுதும்போதும் இதே யோசனைதானே வேண்டும்.

கொண்டுவந்த பூட்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றித் திறக்க வையுங்கள். கற்பித்தல் பயிற்சியின்போது பள்ளியில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால் அங்கே நடத்தலாம். இல்லாவிட்டால் ஒரே திரையில் காட்டி வகுப்பையே ஒரு குழுவாக்கலாம். அதுவும் இல்லையென்றால் உறையும் காகிதமும் போதும், பூட்டு பாடத்துக்குள் இருக்கும்வரை எதில் நடத்தினாலும் சரி.

அடுத்த ஆண்டுக்கு இதே படிவத்தை நகலெடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் எண்களை மாற்றிவிடுங்கள், சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஒலிப்பதிவில் ஒரு கேள்வி கூட்டினால் போதும். இருக்கை வரைபடத்தில் வலது சுவரோரக் கட்டங்களில், கடைசி வரிசையை விட்டுவிட்டு, மேலிருந்து ஐந்துக்கும் சில கோடுகளைப் போட்டால் ‘ப’ போய் ‘ட’ ஆகிவிடும், சாவி 12.